கால் எட்டுகிற சைக்கிள்

எங்கள் மகளுக்கு 11 வயது. ஆறாம் வகுப்பில் சேர்ந்ததும் தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக் வேண்டும் என்றாள். பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர். மலையே இல்லாத ஊரில் எதற்கு மவுண்டன் பைக் என்று சிரித்தோம். "நம்ம ரோட்ட பாருப்பா" என்றாள்.

பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தார் ரோடு ஊர்த்தெருவின் கடைசி வீட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து காலனி வரை ஜல்லியும் பள்ளமும்தான். மழை பெய்தால் சேறு. அவள் கேட்டது ஆடம்பரம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கடையில் 26 இன்ச் வண்டியைக் காட்டினார்கள். "வளர்ற புள்ள சார், பெரிசா எடுத்துட்டா நாலு வருஷத்துக்குக் கவலையில்ல." எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. நாங்கள் வளர்ந்ததே அப்படித்தான். அடுத்த வருடத்துக்கும் சேர்த்துத் தைத்த தொளதொள யூனிஃபார்ம், நுனியில் துணி அடைத்த ஷூ, அப்பாவின் உயரமான சைக்கிளில் குரங்குப் பெடல்.

மகள் ஏறினாள். சீட்டை முழுக்க இறக்கியும் கால் நுனிதான் தரையைத் தொட்டது. பிரேக்குக்கு விரல் எட்டவில்லை. கடை வாசலிலேயே சாய்ந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் எங்களைக் கேரியரில் வைத்து ஓட்டிவருவார். ஊர்த்தெரு முனையில் இறங்கிவிடுவார். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார், பிறகுதான் ஏறுவார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. சைக்கிள் அவருடையது. எங்கே இறங்க வேண்டும் என்பதை மட்டும் வேறு யாரோ முடிவுசெய்திருந்தார்கள். நம் பிள்ளை இறங்குவதும் நிற்பதும் அவள் விருப்பமாக இருக்க வேண்டும். அதற்கு முதலில் கால் எட்ட வேண்டும்.

பிறகு நாங்கள் விசாரித்துக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம். வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 135 முதல் 150 செ.மீ. வரை 24 இன்ச் சக்கரம் பொருந்தும். எங்கள் மகள் 138. நடுக்கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால், கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே ஓரிரண்டு இன்ச் இடைவெளி வேண்டும். பிரேக் பிடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகினால் அது விரலுக்குக் கிட்டே வரும். வளர்த்திக்கு இடம் சீட்டுக் கம்பியில் இருக்கிறது. வளர வளர அதை உயர்த்தலாம், அதில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியாத அளவுக்கு மட்டும்.

விலை குறைந்த வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பர் வெறும் எடைதான். நம் பாதைக்குத் தடித்த டயரே போதும். டிஸ்க் பிரேக்கை விட, நம் ஊர் சைக்கிள் கடையில் பழுது பார்க்கக்கூடிய ரிம் பிரேக் நல்லது. பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் அதிகம் ஓடாத பழைய வண்டிகள் கிடைக்கும். ஃப்ரேமில் விரிசல் இருக்கிறதா, சக்கரம் ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் 3,200 ரூபாய்க்கு எடுத்து, 700 ரூபாய்க்கு டயரும் பிரேக் கட்டையும் மாற்றினோம். அவளுக்குச் சிறிதானதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும். இப்போதே சொல்லிவைத்தாயிற்று.

தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்றுதான் தொடங்கியது. பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. நம்மில் பலரைப் படிக்கவைத்த திட்டம். ஆனால் அந்த சைக்கிள் 11ஆம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. தூரமோ ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இடையிலுள்ள ஐந்து வருடங்களில் நடந்தே களைத்துப் படிப்பை விடும் பிள்ளைகளை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உயரத்துக்கு ஏற்ற சைக்கிளும் காலனி வரை தார் ரோடும் நாம் கேட்க வேண்டியவை.

முதல் நாள் அவள் பள்ளி விட்டு வரும்போது அப்பா காலனி முனையில் காத்திருந்தார்.

"ஊருக்குள்ள எங்கயாவது இறங்குனியாம்மா?"

"ஆமா தாத்தா. டீக்கடைகிட்ட செயின் கழன்டுடுச்சு. மாட்டிட்டு ஏறி வந்துட்டேன்."