எனக்குப் புரிய வேண்டாம், தமிழிலேயே சொல்லுங்க

ஆபீஸில் ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரலைன்னு ஆறு மாசமா சொல்லிட்டிருந்தேன். பொய். ஆணி எப்பவும் போலத்தான். எனக்குத்தான் முடியலை.

புனேக்கு வந்து 14 வருஷம். போன வருஷம் அம்மா போனப்போ, நான் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. காரியம் முடிச்சு வந்த மறுநாளே லாப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. "நல்லாத் தேறிட்டே"ன்னாங்க எல்லாரும். அப்புறம் தூக்கம் போச்சு, பசி போச்சு. லீவு நாளில் சாயங்காலம் வரை படுக்கையிலேயே கிடப்பேன். தங்கமணிதான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. மனச்சோர்வுன்னார். மாத்திரையோடு கவுன்சிலிங்கும் எழுதிக் கொடுத்தார்.

கவுன்சிலர் ஒரு மராத்தி அம்மா. ஃபோன் வந்தது, டிக்கெட் கிடைக்கலை, லேட்டாப் போனேன்னு இங்கிலீஷில் தேதிவாரியா ஒப்பிச்சேன். மூணு வாரம் பொறுமையாக் கேட்டாங்க. "இது ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கே. அம்மாகிட்ட எந்த பாஷையில் பேசுவீங்க?"

"தமிழ்."

"அப்போ தமிழிலேயே சொல்லுங்க. எனக்குப் புரிய வேண்டாம்."

"கடைசியா அம்மா ஃபோன் பண்ணப்போ, மீட்டிங்கில் இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன்..." அவ்வளவுதான். 43 வயசில் தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுது முடிச்சதும் அதையே இந்தியில் சொல்லச் சொன்னாங்க. அப்பதான் ஞாபகம் வந்தது, ஃபோனை வைக்கிறதுக்கு முன்னாடி அம்மா சொன்னது: "சரிப்பா, முதல்ல சாப்பிடு." அந்த வரி என் ரிப்போர்ட்டில் அதுவரை இல்லவே இல்லை. என்மேல அம்மாவுக்கு வருத்தம் இல்லைன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

1986-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஓர் உளவியலாளர் கல்லூரி மாணவர்களை 4 நாள், தினம் 15 நிமிஷம் எழுத வெச்சார். மனசைப் பாதிச்ச சம்பவத்தில் சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் ரெண்டையும் சேர்த்து எழுதினாங்க. அடுத்த 6 மாசத்தில் டாக்டர்கிட்ட குறைவாப் போனது ரெண்டையும் சேர்த்து எழுதினவங்கதான். அவங்க மனச்சோர்வு நோயாளிகள் இல்லை. எழுதினா நோய் போயிடும்னும் நான் சொல்லலை. இன்னும் மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். ஆனா என்னோட ரிப்போர்ட்டில் எது விட்டுப்போச்சுன்னு இப்போ புரியுது.

வெளியூரில் இருக்கிற நாமெல்லாம் ஊருக்கு "நல்லாயிருக்கேன்" சொல்லியே பழகினவங்க. தமிழில் பேச ஆள் இல்லைன்னா 14416-ஐக் கூப்பிடுங்க. 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி-மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

சரி, அப்பாவுக்கு ஃபோன் பண்ணணும். வரட்டுமா?