அன்னபூரணியும் அட்டை வெட்டும் பொறியும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, இலக்கியத் திறனாய்வையோ இலக்கண ஆராய்ச்சியையோ அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியனிடம் பொறியைப் பற்றிய கட்டுரையை எவரும் எதிர்பாரார். ஆயினும் சென்ற ஈராண்டாக எனது ஓய்வுநேரத்தின் பெரும்பகுதி ஒரு சிறிய பொறியோடும் ஒரு பெரிய கப்பலோடும் கழிந்தமையால், அவற்றை விட்டுப் பிறிதொன்றை எழுத மனம் ஒருப்படவில்லை.

கப்பலை முதலிற் சொல்லுகின்றேன். 1930 ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறைக் கரையிலே கட்டப்பட்ட பாய்க்கப்பல் அன்னபூரணி. நீளம் 89 அடி. அகலம் 19 அடி. 'சுவாப்' என்னும் சிறு பாய்க்கப்பலில் உலகை வலம்வந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியாரின் பெயரைச் சூட்டி, 'புளோறென்ஸ் சி. றொபின்சன்' ஆக்கினார். வல்வைக் கடலோடிகள் அதனைச் செலுத்திச் சென்றனர். செங்கடல், சுவெஸ், மத்தியதரைக் கடல் ஆகியவற்றைக் கடந்து, அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதலாந் தேதி மசாச்சுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அஃது அடைந்தது. இச்செய்தியை வகுப்பிலே ஒருநாள் கூறியபோது, நாற்பது மாணவருள் வல்வைப் பக்கத்திலிருந்து வரும் இருவரே அதனை முன்னர்க் கேள்வியுற்றிருந்தனர். யூபிலிக் கண்காட்சிக்கு அக்கப்பலின் மாதிரியுரு ஒன்றைச் செய்வோம் என்னும் எண்ணம் அன்று பிறந்ததேயாம்.

இனிப் பொறி. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு அனுப்பிய நன்கொடைப் பெட்டியில் அஃது இருந்தது. மேசைமேல் வைக்கத்தக்கது, பார்வைக்கு அச்சுப்பொறி போன்றது, மையிருக்குமிடத்தில் சிறு கத்தி. மேனாட்டில் வாழ்த்து அட்டை செய்வோருக்கும் படத்தொகுப்பு ஏடு அழகுபடுத்துவோருக்கும் என்றே இவ்வகைப் பொறிகள் சந்தைக்கு வந்தன. இவற்றுள் யூட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்றின் பொறிக்குப் பெயர் 'கிறிக்கற்'. "சேர், கிறிக்கற் வந்திருக்கிறதாம்" என்று கேள்வியுற்று விளையாட்டணி மாணவர் இருவர் அலுவலக வாயிலில் மட்டையையும் பந்தையும் தேடியது வேறு கதை. நமக்கு வந்ததோ 'சிலுவெற் கமியோ' என்னும் மற்றோர் இனம். மாதிரியுரு செய்வோர் இத்தகைய பொறிகளைத் தம் வேலைக்கு வயப்படுத்திக்கொண்டமை பிற்கால வளர்ச்சியாகும்.

பொறி இயங்கும் விதம் மிக எளிது. ஒட்டுந்தன்மையுள்ள பாய் ஒன்றின்மேல் அட்டையை அழுத்தி ஒட்டிவிடல் வேண்டும். உருளைகள் அப்பாயைப் பற்றி முன்னும் பின்னும் இழுக்கும்; கத்தி இடமும் வலமும் ஓடும். இவ்விரண்டு ஓட்டமும் கூடிக் கோடாகின்றன. கத்தியைத் திருப்புவதற்கெனத் தனி விசை எதுவும் இல்லை. அதன் நுனி சுழலச்சிலிருந்து சற்று விலகி இருப்பதனால், தள்ளுவண்டியின் சிறு சக்கரம் செல்லும் பக்கம் தானே திரும்புவதுபோல, கத்தியும் செல்லுந்திசைக்குத் தானே முகங்கொடுக்கின்றது. இதனை விளங்கிக்கொண்ட மாணவனுக்கு, கூரிய மூலைகள் ஏன் சிறிது மழுங்குகின்றன, மிகச் சிறிய துளைகள் ஏன் கிழிகின்றன என்பதும் உடனே விளங்கிவிடும். மூலையைச் சற்றுக் கடந்து வெட்டி மீளுமாறு கட்டளையிட்டால் அக்குறை பெரும்பாலும் தீரும். உள்ளே உள்ள துளைகளை முதலிலும் வெளிக்கோட்டை இறுதியிலும் வெட்டவேண்டும் என்பதும் ஒரு விதி. வெளிக்கோட்டை முன்னர் வெட்டினால் துண்டு இளகிவிடும். பின்னர்த் துளை எங்கே விழும் என்பதைப் பொறியும் அறியாது.

எமது பொறியின் கத்தி கொடுக்கும் விசை 210 கிராம் எடைக்குச் சமம். அட்டையும் தாளும் மெல்லிய பிளாத்திக்குத் தகடும் வெட்டுவதற்கு இது போதும், பலகைக்குப் போதாது. 0.25 மில்லிமீற்றர்ப் பிளாத்திக்கை ஊடறுக்கும், 0.5 மில்லிமீற்றர்த் தகட்டில் ஆழக் கீறித்தரும், அக்கீறலில் நாம் வளைத்து முறித்துக்கொள்ளலாம். தடித்த அட்டைக்கு விசையை ஏற்றி ஒரேமுறையில் வெட்ட முயல்வதிலும், விசையைக் குறைத்து ஒரே கோட்டில் மூன்று முறை ஓடவிடுவது நன்று. விளிம்பு சுத்தமாக அமையும். ஒவ்வொரு புதிய அட்டைக்கும் முதலில் ஒரு மூலையில் சோதனை வெட்டு. சிறு சதுரம், அதனுள் ஒரு முக்கோணம். முக்கோணம் மட்டும் விரல்நகத்தால் எளிதிற் பெயருமாயின் அளவு சரி. பாயின் ஒட்டு தூசியினாற் குறையும்போது இளஞ்சூட்டு நீரிற் கழுவி நிழலில் உலர்த்தினால் ஓரளவு மீளும். கார்த்திகை மார்கழியில் நமது வடபுல ஈரக்காற்று அட்டைக்குள் ஏறிவிடுகின்றமையால், அம்மாதங்களில் அட்டைக்கட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது நாம் கொண்ட அளவிடை. அதாவது நாற்பத்தெட்டில் ஒன்று. 89 அடிக் கப்பல் 22¼ அங்குலமாயிற்று. 19 அடி அகலம் 4¾ அங்குலமாயிற்று. பொறியோடு வந்த நீளப்பாயின் நீளம் 24 அங்குலம். கப்பலின் அடிமரத்தை ஒரே துண்டாக வெட்ட அது மட்டுமட்டாய்ப் போதியது. விலாச்சட்டங்கள் 21, ஒவ்வொன்றும் ஐந்து அட்டைகளை அடுக்கி ஒட்டியது, ஆகவே 105 துண்டுகள். ஒரு பாதியை வரைந்து கண்ணாடிபோல் மறுபாதியைப் பிரதிசெய்யுமாறு கணினியைப் பணித்தால் இருபுறமும் இம்மியும் பிசகாது. ஐந்து அட்டை சேர்ந்த தடிப்பு இரண்டு மில்லிமீற்றர் என்பது கணக்கு. ஒட்டிய பின்னர்ப் பௌதிக ஆய்வுகூடத்து நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளந்தால் 2.1. பசைக்கும் ஒரு தடிப்பு உண்டு! அடிமரத்தில் உள்ள வெட்டுவாய்களை அந்த அளவுக்கே மாற்றி வரைந்தமையால், சட்டங்கள் தட்டாமலும் ஆடாமலும் அமர்ந்தன.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்தைக் குறிப்பிடுதல் வேண்டும். "கையாற் செய்யவேண்டிய வேலையைப் பொறியிடம் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கை எப்படிப் பழகும்?" என நண்பரான ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வியே. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில், கற்பித்தற் சாதனங்களுக்காகச் சவர அலகினால் எழுத்துக்களை இரவிரவாக வெட்டியவன் நான். அந்தப் பயிற்சியின் அருமையை மறுக்கமாட்டேன். எனினும் நூற்றைந்து ஒத்த துண்டுகளை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கையால் வெட்டுவானாயின், நாற்பதாவது துண்டில் சலிப்பும் எழுபதாவது துண்டில் காயமும் ஏற்படும்; கப்பல் வராது. பொறியோ நேர்குத்தாக மட்டுமே வெட்டவல்லது. கப்பலின் முகப்பை நோக்கிப் பலகைகள் வளைந்து ஒடுங்குமிடத்தில் விலாச்சட்டத்தின் விளிம்பு சாய்வாக இருத்தல் வேண்டும். அச்சாய்வை அரத்தாள் கொண்டு, மெல்லிய பட்டியை வைத்து வைத்துப் பார்த்து, கையே எடுக்கவேண்டும். ஒட்டுதல், வளைத்தல், தேய்த்தல், கயிறு திரித்தல் யாவும் கைக்குரியனவே. அலுப்பான பாதியைப் பொறி ஏற்றது. அறிவு வேண்டிய பாதி எங்களுக்கு எஞ்சியது. நண்பர் இதனை முற்றாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனாற் சனிக்கிழமைகளில் அரத்தாளும் கையுமாக இப்பொழுது வந்து அமர்கின்றார்.

தமிழாசிரியனுக்கு இதிலே என்ன வேலை என்பதற்கு இனி விடை கூறலாம். கணினியில் வரையும்பொழுது ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி அடுக்கில் வைத்துப் பெயரிடல் வேண்டும். மாணவர் 'துண்டு ஒன்று', 'துண்டு இரண்டு' என்று பெயரிடத் தொடங்கினர். சிலர் ஆங்கிலப் பெயர்களை எழுதினர். நான் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியை நூலகத்திலிருந்து தூக்கி வந்தேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். கரையோரக் கிராமத்தவன், தந்தையார் கடற்றொழிலாளர், தமிழ்ப் பாடத்தில் அவனது புள்ளி நாற்பதைத் தாண்டியதை நான் கண்டதில்லை. அகராதியைத் திறக்குமுன்னரே அவன் திரையைத் தொட்டுத்தொட்டுச் சொன்னான்: "இது ஏரா, சேர். இது வங்கு. இந்தப் பக்கம் அணியம், அந்தப் பக்கம் கடையால். பாயைக் கட்டுற குறுக்குமரம் பருமல்." அகராதியைப் புரட்டிப் பார்த்தோம். ஏரா: கப்பலின் அடிமரம். வங்கு: விலாச்சட்டம். அணியம்: முகப்பு. பருமலும் இருந்தது. நான்கு சொற்களையும் பேரகராதிக்கு நிகராக அவன் வாய் வைத்திருந்தது.

வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறவேன். தன் வீட்டுப் பேச்சைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரத்தகாத பேச்சென அந்நாள்வரை அவன் எண்ணியிருந்தான். அவ்வெண்ணத்தை அவனுக்கு ஊட்டியவர் எவர் என்பது எங்கள் தொழிலில் உள்ளோர் யாவரும் சிந்திக்கத்தக்கது. அதன் பின்னர் அடுக்குகளுக்குப் பெயரிடும் பொறுப்பு அவனுடையதாயிற்று. ஒரு சொல்லில் மட்டும் வழக்கு எழுந்தது. பலகைகளின் இடுக்குகளில் பஞ்சும் எண்ணெயும் இட்டு நீர்புகாது அடைக்கும் வேலையை அகராதி 'கலப்பற்று' என்கின்றது. அவனோ 'கலப்பத்து' என்றான். பலகையிற் பற்றுவதனால் பற்று என்பதே சரி என்று ஒருசாரார் வாதித்தனர். இச்சொல் அராபியக் கடலோடிகளின் மொழியோடு உறவுடையது என்பர். ஆகவே 'பற்று' என்பது நமது புலவர் இட்ட மெருகாகவும் இருக்கலாம் என்றேன். ஈற்றிற் பெயரட்டையில் இரண்டையும் எழுதுவதென்று முடிவாயிற்று.

சட்டங்கள் நின்று, பலகை ஒட்டும் கட்டம் வந்தபொழுது, வல்வையிலிருந்து முதியவர் ஒருவரை மாணவர் அழைத்து வந்தனர். எண்பதைக் கடந்தவர், இளமையில் வத்தை கட்டும் மேத்திரிமாரோடு வேலை செய்தவர். மாணவர் வெட்டி வைத்திருந்த பலகைப் பட்டிகள் யாவும் ஒரே அகலம். பொறியின் துல்லியத்தில் அவர்களுக்குப் பெருமை. முதியவர் கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார். "மாஸ்ரர், உது கப்பலோ, கிடுகு வேலியோ?" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். கப்பலின் நடுவயிறு பருத்தது. முகமும் பின்புறமும் ஒடுங்கியவை. நடுவில் எத்தனை பலகையோ முகத்திலும் அத்தனை பலகை சென்று சேரவேண்டுமாயின், ஒவ்வொரு பலகையும் நடுவில் அகன்று நுனியில் ஒடுங்கவேண்டும். எமது மாதிரியுருவில் ஏராவிலிருந்து தட்டுவரை வளைவோடு அளந்தால் நடுச்சட்டத்தில் 105 மில்லிமீற்றர். முகப்புச் சட்டத்தில் 60. பதினைந்து பலகை என்று கொண்டால், நடுவில் 7 மில்லிமீற்றரும் நுனியில் 4 மில்லிமீற்றரும் ஒரு பலகையின் அகலமாகும். இருபத்தொரு சட்டங்களிலும் இவ்வாறு அளந்து வகுத்து, புள்ளிகளைக் கணினியில் இட்டு வளைகோட்டால் இணைத்தனர் மாணவர். பொறி அதனையும் அரைமணி நேரத்தில் வெட்டித் தந்தது. மேத்திரிமார் இக்கணக்கைத் தாளில் எழுதினாரல்லர் என்றும், ஒரு நூலை மடித்து மடித்துப் பலகையிலே குறித்துக்கொண்டனர் என்றும் முதியவர் கூறினார். நூலை மடித்தும் காட்டினார். கணித ஆசிரியர் அதனைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே எட்டாம் வகுப்பில் விகிதசமப் பாடத்துக்கு அந்த நூலை எடுத்துச் சென்றுவிட்டார்.

கப்பல் இப்பொழுது பாய்மரமின்றி ஆய்வுகூடத்து மேசையில் நிற்கின்றது. பாய்களைப் பொறியில் வெட்டுவதாக இல்லை. துணியைக் கஞ்சியிட்டு விறைப்பாக்கினால் வெட்டும் என்றாலும் ஓரத்தில் நூல் பிரிகின்றது. ஆகவே கையால் மடித்துத் தைக்கின்றோம். கயிறுகளும் கப்பிகளும் இன்னும் மூன்று மாத வேலை. ஒரு தடை மட்டும் உண்டு. எமக்குக் கிடைத்த புகைப்படங்கள் யாவும் கப்பலை முகப்பிலிருந்தோ பக்கவாட்டிலோ காட்டுகின்றன. கடையாலின் அமைப்பும் சுக்கான் பொருந்திய விதமும் தெரியவில்லை. வல்வைப் பகுதிப் பழைய மாணவர் எவர் வீட்டிலாவது பின்புறம் தெரியும் பழைய படம் இருக்குமாயின், ஒருநாள் இரவல் தந்தாற் போதும். பிரதி செய்துகொண்டு திருப்பித் தருவோம். அதுவரை கடைசி இரண்டு வங்குகளை ஒட்டாது வைத்திருக்கின்றோம்.