பெயர் நின்ற மலைகள்

ஆசிரியத் தொழிலில் யாம் முதன்முதல் அமர்ந்தது மலைநாட்டிலே, அக்கரப்பத்தனைப் பகுதியிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஆகும். அயலிலே கிளென்லையன் என்றொரு தோட்டம் உண்டு. அப்பெயரின் பொருள் யாதென மாணவன் ஒருவன் வினவியபோது, "லையன் என்றால் சிங்கம், சிங்கம் வாழ்ந்த இடம்" என்று சிறிதும் தயங்காது கூறிவிட்டோம். அவ்விடை பிழையென அறிதற்கு இருபது ஆண்டுகள் கழியவும், கடல் கடந்து செல்லவும் வேண்டியிருந்தது.

கிளாஸ்கோ நகரில் வாழும் எம் தமக்கையாரின் அழைப்பை ஏற்று, ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் ஸ்கொட்லாந்து சென்றோம். அங்கேயே பிறந்து வளர்ந்த மருமகள், பல்கலைக்கழக மாணவி, தன் சிறு காரில் எம்மை வடமேற்கு மலைநாட்டுக்கும் ஸ்கைத் தீவுக்கும் அழைத்துச் செல்ல முன்வந்தாள். யாம் போய்ச் சேர்ந்த மாலை, "மாமா, நீங்கள் வந்தது நான் சந்தோசம்" என்று அவள் எம்மை வரவேற்றாள். யாம் நகைத்து, அவ்வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தோம். அதன்பின் அவள் எம்மோடு ஆங்கிலத்திலேயே பேசினாள். இதனை அன்று யாம் பொருட்படுத்தவில்லை.

கிளாஸ்கோவிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெரு, லொமண்ட் ஏரிக்கரையோரமாய் வளைந்து, ரானொக் என்னும் பரந்த சதுப்புவெளியைக் கடந்து, கிளென்கோப் பள்ளத்தாக்கினுள் இறங்குகின்றது. அந்நாட்டில் மிகவுயர்ந்த பென் நெவிஸ் சிகரம் 1,345 மீற்றர். எமது பீதுருதாலகாலையோ 2,524 மீற்றர். உயரத்திற் பாதியளவே ஆயினும், அம்மலைகள் மரமின்றிக் கரும்பாறை துருத்தி நிற்றலின், காண்பார் நெஞ்சில் அச்சமும் வியப்பும் ஒருங்கே பிறக்கின்றன. சாரலெங்கும் ஹெதர் என்னும் குறுஞ்செடி ஊதாநிறமாய்ப் பூத்திருந்தது. மலையும் சதுப்பும் கடலும் ஒரே நாளிற் கண்ட யாம், திணைப் பாகுபாட்டைக் கற்பிப்போர்க்கு இதனினும் நல்ல வகுப்பறை வேண்டுமோ என எண்ணினோம்.

அழகு மிக்க அப்பள்ளத்தாக்கிற்குத் துயரமான வரலாறும் உண்டு. 1692 பெப்ரவரி 13ஆம் நாள், ஏறத்தாழ இரு வாரகாலம் மக்டொனல்ட் குலத்தார் இல்லங்களில் விருந்துண்டு தங்கிய அரச படையினர், விடியுமுன் எழுந்து விருந்தளித்தோரையே கொன்றனர். ஏறக்குறைய 38 பேர் மாண்டனர். விருந்தோம்பலை அறமெனக் கற்பிக்கும் எமக்கு அவ்விடத்தில் நெடுநேரம் பேச்செழவில்லை.

வழியெங்கும் பெயர்ப்பலகைகள் ஆங்கிலத்திலும் கேலிக் மொழியிலும் எழுதப்பட்டிருந்தன. மருமகள் கேலிக்கைச் சிறிது கற்றிருந்தாள். பென் என்றால் மலை, லொக் என்றால் ஏரி, இன்வர் என்றால் ஆற்றுமுகம், ஸ்ட்ராத் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு, கிளென் என்றால் ஒடுங்கிய பள்ளத்தாக்கு எனப் பொருள் கூறிக்கொண்டே வந்தாள். அப்போதுதான் எமக்கு உறைத்தது. கிளென்லையன் சிங்கத்தின் இடமன்று. லையன் என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கு. லூல்கந்துரவில் 1867இல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தரே. தோட்டத் துரைமாருள் அந்நாட்டார் பலர். தம் ஊர்ப் பெயர்களை அவர்கள் எம் மலைகளுக்குச் சூட்டினர். அப்பெயர்களைத் தமிழ் நாவுகள் இன்றும் நாள்தோறும் ஒலிக்கின்றன. ஆனால் அவற்றை ஈன்ற மொழியோ பிறந்த மண்ணிலேயே நலிந்து கிடக்கின்றது.

மாலேக் துறையிற் படகேறி ஸ்கைத் தீவை அடைந்தோம். மறுநாள் கால்நடையாகப் போரரெய்க் என்னும் பாழூருக்குச் சென்றோம். கடலோரப் பசும்புல்வெளியிற் கூரையற்ற கற்சுவர்கள் வரிசையாய் நிற்கின்றன. 1746இல் கலொடன் போரிற் தோற்றபின் மலைநாட்டுக் குலங்களின் வலிமை குன்றியது. காலப்போக்கில் நிலவுடைமையாளர் குடிகளினும் செம்மறிகளே இலாபந் தருவன எனக் கண்டு, ஊர் ஊராய் மக்களை வெளியேற்றினர். போரரெய்க் 1853இல் வெறிதாயிற்று. குடிகளுக்கு நிலத்தில் உரிமைப் பாதுகாப்பளித்த சட்டம் 1886இலேயே வந்தது. 1990இல் இடம்பெயர்ந்து, பல்லாண்டின் பின் எம் ஊருக்கு மீண்ட நாளிற் கண்ட சுவர்கள் எம் கண்முன் எழுந்தன.

நிலம் பறிபோனதொடு துன்பம் முடியவில்லை. ஸ்கொட்லாந்தின் 1872ஆம் ஆண்டுக் கல்விச்சட்டம் கேலிக் மொழிக்கு இடமளிக்கவில்லை. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1891இல் அம்மொழி பேசுவோர் 250,000க்கு மேற்பட்டிருந்தனர். 2011இல் 57,375 பேரே. பள்ளிக்கூடம் மொழியை வளர்க்குமிடம் என்று பிறர்க்கு உரைத்துவந்த எமக்கு, அது மொழியை அடக்குமிடமாகவும் ஆதல் கூடும் என்பது அன்று விளங்கிற்று.

விளங்கியபோது பழைய நினைவொன்று எம்மைக் குத்தியது. மலைநாட்டு வகுப்பறையில் ஒரு சிறுமி, "எங்க அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்காங்க" என்று சொல்ல, யாம் அதனை அவ்வாறே பேசிக்காட்டி, ஏனைய பிள்ளைகளைச் சிரிக்க வைத்தோம். "வந்தவை, போனவை" என்னும் எம் ஊர்ப் பேச்சும் நூல்வழக்கன்று. அதனை எண்ணிப் பார்த்தோமல்லோம். அத்தவணை முடியும்வரை அச்சிறுமி வகுப்பில் வாய் திறக்கவில்லை. யாம் அதனை ஒழுக்கம் என்று கருதி மகிழ்ந்தோம்!

திரும்பும் வழியில் சபல் மோர் ஒஸ்டைக் என்னும் கேலிக் கல்லூரியைக் கண்டோம். பெயரின் பொருள் ஒஸ்டைக்கின் பெருங்களஞ்சியம் என்பதாம். 1973இல் பழைய பண்ணைக் களஞ்சியமொன்றிலே தொடங்கிய அக்கல்லூரி, இன்று கேலிக் வாயிலாகவே உயர்கல்வி அளிக்கின்றது. 2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் அம்மொழியைச் சிறிதேனும் அறிந்தோர் 130,161 பேர். "நீ ஏன் இம்மொழியைக் கற்றாய்?" என மருமகளை வினவினோம். வகுப்பில் எவ்வளவு பிழையாகப் பேசினாலும் எவரும் சிரிப்பதில்லை என்று அவள் ஆங்கிலத்தில் விடையிறுத்தாள். எம்மை நோகச் செய்யும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. ஆயினும் நொந்தோம். அன்றிரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் கழித்து, "மாமா, நாளைக்கு மழை வரும், நான் குடை எடுக்கிறது" என்றாள். "நல்லது பிள்ளை" என்று மட்டும் சொன்னோம்.

பழைய மாணவர்காள்! உங்களுட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றீர்கள். விடுமுறைக்கு வரும் உங்கள் பிள்ளைகள் எம் முற்றத்தில் நின்று தட்டுத்தடுமாறித் தமிழ் பேசும்போது நகைப்பவர் யாமாகவே இருந்துள்ளோம். உடன் ஆசிரியர்களே, மாணவர்களே! இவ்விழா ஆண்டில் எம் கல்லூரியின் கட்டடங்களை எண்ணிப் பெருமை கொள்கின்றோம். கொள்வது தகும். ஆனால் கல் நிற்பதாலோ பெயர் நிற்பதாலோ மொழி நின்றுவிடாது என்பதைப் போரரெய்க்கின் சுவர்கள் எமக்குக் கற்பித்தன. பேசும் வாய் வேண்டும். அவ்வாயை அடைக்காத ஆசிரியர் வேண்டும். திருத்துதல் எம் கடனே. ஆயினும், முதலிற் கேட்போம்; பின்பு திருத்துவோம்.

அக்கரப்பத்தனைச் சிறுமி இன்று ஒரு தாயாக இருத்தல் கூடும். இவ்வேடு அவள் கைக்கு எட்டாது. எனினும், அவளுக்கு யாம் கடன்பட்டுள்ளோம் என்பதை இங்கே எழுதி வைக்கின்றோம்.