கடைசி வண்டி யாருது?

 

பங்குனி உத்திரம் நெருங்குது. மாரான் மோட்டார் யாத்திரைக்குப் பேர் கொடுக்கிற மேசையை இந்த ஞாயிறு காலையில திறக்கிறோம். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் எழுதணும்னு தோணுச்சு. ரெண்டு வாரமா ஆலயத்துல என்னைப் பார்க்கிற அம்மாமார் எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "தம்பி, பஸ்தான் போடுறீங்களே, அதுலயே எல்லாரையும் கூட்டிட்டுப் போகக் கூடாதா? ஆலயமே எதுக்கு மோட்டார் யாத்திரை நடத்துது?"

நியாயமான கேள்வி. நம்ம நாட்டுல சாலை விபத்துல இறந்து போறவங்கள்ல பாதிக்கும் மேல மோட்டார்ல போனவங்கதான். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. பிள்ளை சாவியைக் கையில எடுத்தாலே பெத்தவங்களுக்கு வயித்துல புளி கரைக்குது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. மோட்டார் ஓட்டுற பிள்ளைங்க இருக்கிற வீட்டுல தயவு செஞ்சு முழுசா படிங்க.

முதல் பதில் இதுதான்: நாம நடத்தலைன்னாலும் பிள்ளைங்க போகத்தான் போறாங்க. கிள்ளான்ல இருந்து மாரானுக்குப் போக மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி வேலை முடிஞ்சு, மாமாக் கடையில ஒரு தே தாரிக் குடிச்சிட்டு, பத்துப் பேர் சேர்ந்து ஒரு மணிக்குக் கிளம்புவாங்க. யார் முன்னாடி போறது, யார் பின்னாடி வர்றதுன்னு ஒரு பேச்சும் இருக்காது. அப்படிப் போறதை விட, பகல்ல, பேர் எழுதி, வரிசை வெச்சுப் போகட்டும்னுதான் நிர்வாகம் இதுக்கு ஒத்துக்கிட்டது.

இந்த யாத்திரையில ஒன்பது வருஷமா எனக்கு ஒரே வேலைதான். கடைசி வண்டி ஓட்டுறது. முன்னாடி போறவருக்கு மாலை போட்டு, வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு அனுப்புவாங்க. கடைசியில வர்றவனை யாரும் படம் எடுக்க மாட்டாங்க. ஆனா எல்லார் முதுகையும் பார்த்துக்கிட்டே வர்றவன் நான். அதனால யார் எப்படி ஓட்டுறாங்கன்னு எனக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்ததைத்தான் இங்க எழுதுறேன்.

போன வருஷம் 42 வண்டி. 42ம் ஒரே கூட்டமா போகல. ஆறு ஆறு வண்டியா பிரிச்சு ஏழு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முன்வண்டி, ஒரு கடைசி வண்டி. ஒரு குழு கிளம்பி ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுத்தான் அடுத்த குழு கிளம்பும். "அண்ணே, எல்லாரும் சேர்ந்து போனாத்தானே கெத்து"ன்னு பசங்க கேப்பாங்க. தம்பி, 42 வண்டி ஒட்டிக்கிட்டுப் போனா, பின்னாடி வர்ற காரும் லோரியும் எப்படித் தாண்டும்? அவங்க எக்ஸிட்ல இறங்கணும்னா எங்க புகுந்து போவாங்க? நம்ம ஊர்வலத்தைப் பார்த்து அவங்க கையெடுத்துக் கும்பிட மாட்டாங்க, ஹாரன்தான் அடிப்பாங்க. கோவப்பட்டவன் பக்கத்துல மோட்டார் ஓட்டுறது நமக்குத்தான் ஆபத்து.

ஒரு குழுவுக்குள்ள எப்படிப் போறதுன்னு அக்காமாருக்குச் சொன்னா உடனே புரியும். கோலத்துல நேர்ப்புள்ளி இருக்கு, ஊடுபுள்ளி இருக்கு. நாம போறது ஊடுபுள்ளி. முன்வண்டி தடத்தோட வலது பக்கம். அடுத்தவர் ஒரு விநாடி பின்னால இடது பக்கம். மூணாமவர் மறுபடி வலது பக்கம், முன்வண்டிக்கு ரெண்டு விநாடி பின்னால. இப்படிப் போனா கூட்டமும் ரொம்ப நீளாது, ஒவ்வொருத்தர் முன்னாடியும் காலி இடம் இருக்கும். பக்கத்துல பக்கத்துல ஜோடியா போனா, குழியைக் கண்டு ஒதுங்கக் கூட இடம் இருக்காது.

ரெண்டு விநாடி என்ன பெரிய விஷயம்னு நினைக்காதீங்க. 90 கிலோமீட்டர் வேகத்துல ஒரு விநாடிக்கு வண்டி 25 மீட்டர் ஓடுது. முன்னாடி பிரேக் விளக்கு எரியிறதை நம்ம கண்ணு பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கிறதுக்குள்ளேயே அந்த ஒரு விநாடி போயிடும். மழை பேஞ்சா ரெண்டு விநாடியை நாலாக்கணும். வளைவு, குறுகலான ரோடு, மழை, மணல் கொட்டிக் கிடக்கிற இடம், இங்கெல்லாம் ஊடுபுள்ளியும் கிடையாது, ஒத்தை வரிசைதான்.

கிளம்பின உடனே இதுக்குப் பரீட்சை வந்துடும். ஃபெடரல் நெடுஞ்சாலையில மோட்டாருக்குன்னே தனிப்பாதை இருக்கு. 1970களில் போட்ட பாதை. நல்ல விஷயம்தான், ஆனா சில இடத்துல குறுகல், திடீர்னு வளையும், பாலத்துக்கு அடியில ஈரம் இருக்கும். காலையில அது வேலைக்குப் போறவங்க பாதை. அங்க நாம ஒத்தை வரிசையில மெதுவாத்தான் போகணும், பின்னாடி ஹாரன் வந்தா வழி விடணும்.

கோம்பாக் தாண்டினா காராக் மலை ரோடு. ஏத்தத்துல லோரிங்க ஊர்ந்து போகும். லோரியைத் தாண்டுறதுதான் கூட்டமா போறவங்களுக்கு வர்ற பெரிய கண்டம். முன்னால போனவர் தாண்டிட்டார்னு பின்னால வர்றவரும் அப்படியே இழுத்துக்கிட்டுப் போவார். முன்னால போனவருக்கு வழி காலியா இருந்துச்சு, இவருக்கு இருக்கான்னு யார் பார்த்தது? அதனால எங்க விதி: தாண்டுறது ஒவ்வொருத்தரா. அவரவர் கண்ணாடியை அவரவர் பார்க்கணும், தோளுக்கு மேல திரும்பிப் பார்க்கணும், அவரவரே முடிவு பண்ணணும். முன்வண்டியோட பின்விளக்கு நமக்குப் பச்சை விளக்கு இல்ல. தாண்டினவர் உடனே வேகத்தைக் குறைக்கவும் கூடாது, பின்னால வர்றவர் உள்ள நுழைய இடம் விடணும்.

இன்னொண்ணு, கடைசியில ஓட்டுறவங்களுக்கு மட்டும் தெரியும். முன்வண்டி 90ல போனா, ஆறாவது வண்டியும் 90லதான் போகும்னு நினைப்போம். இல்ல. சமிக்ஞை விளக்குல கிளம்பும்போது ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சம் தாமதிக்க, கடைசியாள் ரொம்பப் பின்தங்கிடுவார். அதைப் பிடிக்க அவர் 110ல விரட்டணும். ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி. அதனாலதான் புதுசா ஓட்டுற தம்பிங்களை நாங்க கடைசியில விடுறதே இல்ல. முன்வண்டிக்கு அடுத்த இடம் அவங்களுக்கு. முன்வண்டி, அந்தத் தம்பியைக் கண்ணாடியில பார்த்து அவரோட வேகத்துக்குப் போகும். பழகினவங்க பின்னால.

சிவப்பு விளக்குல குழு பிரிஞ்சா, பிரியட்டும். யாரும் நடுரோட்டுல நின்னு கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தக் கூடாது. அது போலீஸ் வேலை. காவி வேட்டி கட்டினதால நமக்கு அந்த அதிகாரம் வந்துடாது. நாலு பக்கமும் விளக்கு மினுக்கிட்டுப் போறதாலயும் வழி நமக்குச் சொந்தமாகாது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கின பிறகு, திரும்புற முனையில ஒருத்தர் பத்திரமான ஓரத்துல நின்னு வழி காட்டுவார். கடைசி வண்டி வந்து சேர்ற வரைக்கும் அவர் அங்கேயே இருப்பார். அதனால யாரும் வழி தவறிடுவோம்னு பயந்து விரட்ட வேண்டியதில்ல.

இந்தக் கடைசி வண்டி விஷயத்துல நாங்க ஏன் இவ்வளவு கறாரா இருக்கோம்னு சிலருக்குத் தெரியும், புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது.

பல வருஷத்துக்கு முன்னாடி, ஆலயம் யாத்திரை நடத்துறதுக்கு முன்னால, நம்ம ஆலயத்துல அன்னதானத்துக்கு வாளி தூக்கின ஒரு தம்பி கூட்டாளிகளோட ராத்திரி மோட்டார்ல போனார். 21 வயசு. ஏழு பேர் போனாங்க, அவர்தான் கடைசியில. வளைவுல விழுந்துட்டார். முன்னாடி போனவங்க பெட்ரோல் நிலையத்துல நின்னு, சிகரெட் பத்த வெச்சு, எண்ணிப் பார்த்தப்பதான் ஒரு ஆள் குறையுதுன்னு தெரிஞ்சுது. திரும்பிப் போய்த் தேட அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சீக்கிரம் கண்டுபிடிச்சிருந்தா பிழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனா அந்த அரை மணி நேரம் அவர் தனியா கிடந்தார்.

முதல் யாத்திரைக்குக் கூட்டம் போட்டப்போ அந்தத் தம்பியோட அம்மா வந்து பின்னால உட்கார்ந்திருந்தாங்க. எதிர்ப்பாங்கன்னு நினைச்சோம். எல்லாம் பேசி முடிச்ச பிறகு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "கடைசி வண்டி யாருது?" மண்டபத்துல சத்தமே இல்ல. நான் கையைத் தூக்கினேன். அன்னைக்குத் தூக்கின கை இன்னும் இறங்கல.

அதுல இருந்து எங்க முதல் விதி: ஒவ்வொருத்தரும் பின்னால வர்றவரோட விளக்கைக் கண்ணாடியில வெச்சிருக்கணும். காணோம்னா வேகத்தைக் குறை. அப்பவும் வரலைன்னா குழுவே பத்திரமான இடத்துல ஒதுங்கி நிக்கணும். நிக்கிற இடத்துல எல்லாம் முன்வண்டி எண்ணிக்கை எடுக்கணும், கடைசி வண்டி அதுக்கு "சரி" சொல்லணும்.

இனி, பக்தர்களுக்குன்னே உள்ள சில விஷயம். எந்த மோட்டார் வகுப்புலயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

மொட்டை. தலைமுடியோட இறுக்கமா இருந்த ஹெல்மெட், மொட்டை அடிச்ச பிறகு தொளதொளன்னு ஆயிடும். சந்தனம் ஈரமா இருந்தா இன்னும் வழுக்கும். மொட்டை போடப் போறவங்க உள்ளே கட்டிக்க ஒரு பருத்தித் துணி கொண்டு வாங்க, வாரைக் கட்டி ஆட்டிப் பாருங்க. அப்பவும் ஆடுச்சுன்னா வேன்ல ஏறுங்க. ஹெல்மெட் சட்டம் 1973லயே வந்தாச்சு. ஆனா வாரைப் பூட்டாத ஹெல்மெட், போடாத ஹெல்மெட்டுக்குச் சமம்தான்.

வேட்டி, துப்பட்டா, சேலை முந்தானை. சங்கிலியிலயும் சக்கரத்துலயும் இழுத்துக்கும். கால்சட்டையும் மூடின சப்பாத்தும் போட்டு ஓட்டுங்க, அங்க போய் மாத்திக்கலாம். பால்குடம், அர்ச்சனைச் சாமான் எல்லாம் வேன்ல வரும். வண்டியில வேல் கொடி கட்டுறவங்க, அது பக்கத்துக் கண்ணாடியையோ நம்பர் பிளேட்டையோ மறைக்காம பார்த்துக்கங்க.

மழை. பங்குனி மாசத்துல மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும். பாலத்துக்கு அடியில அவசரத் தடத்துல ஒதுங்கி நிக்கவே கூடாது. மழையில கார்க்காரருக்குக் கண்ணு தெரியாது, அவர் சறுக்கினா நேரா நம்ம மேலதான். மோட்டாருக்குன்னு கட்டின ஒதுங்குமிடம், ஓய்விடம், பெட்ரோல் நிலையம், இதுல ஒண்ணு வர்ற வரைக்கும் மெதுவா போங்க. எண்ணெய் நிரப்புறதும் அப்படித்தான். பெரிய வண்டிக்கு இன்னும் 150 கிலோமீட்டர் போகும்னு கணக்குப் போடக் கூடாது. குழுவுல சின்ன டேங்க் யாருதோ, அந்தக் காப்சாய்க்குத்தான் நிக்கிறோம்.

கடைசியா, இந்த வருஷம் சண்டையே வந்த விஷயம். காவடி எடுத்தவங்க திரும்பும்போது மோட்டார் ஓட்டக் கூடாது. அவங்க வேன்ல, வண்டியை நாங்க ஏத்தி வர்ற லோரியில. இதை எடுத்துடுங்கன்னு சில தம்பிங்க கேட்டாங்க. "அண்ணே, முருகன் காப்பாத்துவாரு, நம்பிக்கை இல்லையா?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

நம்பிக்கை இருக்கு தம்பி. ஆனா கணக்கைப் பாருங்க. பல நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, முதல் நாள் ராத்திரி தூக்கமில்லை, வெயில்ல தோள்ல காவடி, உடம்புல தண்ணியே இல்ல. அந்த உடம்போட 200 கிலோமீட்டர், அதுவும் நேர் ரோடு. நேர் ரோட்டுலதான் தூக்கம் வரும். கார்ல தூங்கினா கூட பக்கத்துல இருக்கிறவர் தட்டி எழுப்பலாம். மோட்டார்ல யார் எழுப்புறது? விரதம் நீங்க முருகனுக்குக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து சேர்றது உங்க அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் தள்ளி வைக்க முடியாது. இந்த விதி மாறாது. பிடிக்கலைன்னா பஸ்ல இடம் இருக்கு, வருத்தமில்லாம ஏறிக்கலாம்.

மாரான் கோவில் கதையைப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. ரோடு போட வந்தவங்க அந்த மரத்தை வெட்டப் போக, ரத்தம் கசிஞ்சதாம். ரோட்டையே வளைச்சுப் போட்டுட்டாங்களாம். சாமிக்காக ரோடு வளைஞ்ச கதை அது. நம்ம பசங்க கேக்குறது, தங்களுக்காகவும் ரோடு வளையணும்னு. நமக்கு வளையாது. நாமதான் வளைஞ்சு கொடுத்துப் போகணும்.

பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை பூசை முடிஞ்சு, பசியாறிட்டு, மகனோட நீங்களும் மேசைக்கு வாங்க. லைசன்ஸ், ரோட் டெக்ஸ், டயர், பிரேக், சங்கிலி, விளக்கு, சிரிம் முத்திரை உள்ள ஹெல்மெட், எல்லாம் உங்க முன்னாடியே பார்ப்போம். பி லைசன்ஸ் வெச்சிருக்கிறவங்க பின்னால ஆள் ஏத்த வேண்டாம். அவர் எந்தக் குழு, முன்வண்டி யார், கடைசி வண்டி யார்னு எழுதின தாளை உங்க கையில கொடுப்போம். கேள்வி இருந்தா கேளுங்க, கோவமா வேணும்னாலும் கேளுங்க. யாத்திரை அன்னைக்கு "எங்க இருக்க?"ன்னு அவருக்குப் போன் பண்ணாதீங்க. ஒவ்வொரு ஓய்விடத்துலயும் எண்ணிக்கை எடுத்த உடனே ஆலயக் குழுவுல நாங்களே தகவல் போடுவோம்.

இந்த வருஷம் ஏழு குழுவுக்கும் ஏழு கடைசி வண்டி வேணும். இதுவரைக்கும் நாலு பேர்தான் கையைத் தூக்கியிருக்காங்க. முன்வண்டிக்கு மட்டும் பதினோரு பேர் போட்டி! பல வருஷம் ஓட்டின அண்ணன்மாரே, அக்காமாரே, மாலையும் படமும் கிடைக்காத இந்த வேலைக்கு மூணு பேர் வாங்க. ஞாயிறு மேசையில நான்தான் இருப்பேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.