மருந்துப் பெட்டிக்கு ஒருவர் பொறுப்பு

பல வீடுகளில் முதலுதவிப் பெட்டி என்று எடுத்துக் காட்டுவது பழைய பிஸ்கட் டப்பாவாகத்தான் இருக்கும். தலைவலித் தைலம், அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும் இருமல் மருந்து, யாருக்கு எப்போது எழுதிக் கொடுத்தது என்று தெரியாத மாத்திரைகள், ஊக்கு, ரப்பர் பேண்ட், மடித்து மடித்துக் கிழிந்த மருந்துச் சீட்டு. மருந்துக்குக் குறைவில்லை. ஆனால் அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால் சுற்றுவதற்குச் சுத்தமான துணி ஒரு சாண் கிடைக்காது.

தொழிற்சாலைகளுக்கு இந்த விஷயத்தில் சட்டமே இருந்தது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 45-ஆவது பிரிவு. 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும் என்றது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அடுத்து வரும் இரண்டு நிபந்தனைகள். விதித்த பொருள்களைத் தவிர வேறெதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாக, வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்த என் சித்தப்பா அப்படி ஒரு பொறுப்பில் இருந்தவர். ஆலையின் ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காய்ச்சல், சளி மாத்திரைகள் ஒரு டப்பாவில். காயத்துக்கானவை தனிப் பெட்டியில். பட்டம் செய்யக் கத்தரிக்கோல் தேடி நான் அந்தப் பெட்டியைத் திறந்தால், “அது பெட்டிக் கத்தரி கண்ணு, வேற தேடு” என்பார். குரல் உயராது, ஆனால் கத்தரி கைக்கு வராது. அவர் அப்படிக் கறாராக இருந்ததன் நியாயம் பிறகுதான் புரிந்தது. வீட்டுப் பெட்டியிலிருந்து முதலில் காணாமல் போவது கத்தரிக்கோல்தான். பால் பாக்கெட் வெட்டப் போகும், திரும்பி வராது. ரத்தம் ஒழுகும்போது பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருக்கும்.

மாத்திரை அட்டை இன்னொரு சிக்கல். மருந்துக்கடையில் “நாலு மாத்திரை கொடுங்க” என்றால் கடைக்காரர் அட்டையை வெட்டித் தருவார். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டால் நம் கையில் இருப்பது பெயரும் பாதி, தேதியும் இல்லை. தேதி உள்ள பக்கத்தை வெட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் ஒரு காகித உறையில் போட்டு மேலே பெயர், தேதி, எதற்கு என்று பேனாவால் எழுதிவிடலாம். டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் மிச்சம் இருப்பதைச் சேர்த்து வைக்கவே கூடாது. அடுத்த முறை யாராவது தானாக எடுத்து விழுங்குவார்கள். கண் சொட்டு மருந்தைத் திறந்தால் பொதுவாக 4 வாரம்தான். அட்டைப்பெட்டியில் இருக்கும் தேதி திறக்காத புட்டிக்கு.

காயத்துக்கென்று வைக்க வேண்டியவை அதிகமில்லை. உறை பிரிக்காத காஸ் துணி, சுருள் கட்டுத்துணி, ஒட்டும் டேப், சிறிய பிளாஸ்திரிகள், கிரேப் பேண்டேஜ், போவிடோன் அயோடின், கையுறை, முள் எடுக்கும் இடுக்கி, தெர்மாமீட்டர், கத்தரி. பஞ்சை நேராகப் புண்மேல் வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும்; காஸ்தான் சரி. நம் ஊர் வெயிலில் பிளாஸ்திரியின் பசை காய்ந்துபோகும், பேண்டேஜின் இழுவை தளர்ந்துவிடும். ஆகவே அடுப்பு மேடைக்கு மேலேயோ குளியலறையிலேயோ காரின் கண்ணாடிக்குக் கீழேயோ பெட்டியை வைக்கக் கூடாது. படுக்கையறை அலமாரியில், குழந்தைக்கு எட்டாத, பெரியவர்கள் நாற்காலி போடாமல் எடுக்கக்கூடிய உயரம் நல்லது.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அத்தனை உயிர்களைக் காத்த பொருள் இன்று எந்த மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

பெட்டியைத் தேடி ஓடவே கூடாத நேரங்களும் உண்டு. சுட்டுக்கொண்டால் முதல் மருந்து குழாய்த் தண்ணீர்தான். 20 நிமிடம் காட்ட வேண்டும். தோசை மாவு, பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். நாய் கடித்தால் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பதற்றத்தில் இவை நினைவுக்கு வராது. அதனால் மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி எழுதி வையுங்கள். கூடவே 108, பக்கத்து ஆஸ்பத்திரி எண், வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தாத்தா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதும் இருக்கட்டும். ஆம்புலன்ஸில் வருபவர் கேட்கும் கேள்விகள் இவைதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு டப்பாவைக் கீழே இறக்கிக் கொட்டிப் பாருங்கள். காலாவதியானதைக் கழித்து, குறைந்ததை வாங்கி வையுங்கள். பிறகு வீட்டில் ஒருவர் பெயரை மூடியில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது அவர் வேலை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பைத் தயங்காமல் கொடுக்கலாம். பெரியவர்களைவிடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வார்கள்.