ஆட்டமும் அசைவும்

பல் ஆடினால் நாக்கு சும்மா இருக்காது. கட்டில் கால் ஆடினால் படுத்தவருக்குத் தூக்கம் வராது. ஆனால் காரின் கியர் லிவர் ஆடினால், அதைத் தினம் ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியவே தெரியாது. ஆட்டம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு நூலிழை வீதம் வருகிறது. கையும் அதே நூலிழைக் கணக்கில் அதற்குப் பழகிக்கொண்டு விடுகிறது.

என் மாப்பிள்ளையின் கார் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

போன வருஷம் கோடையில் இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரில், பெண் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஆனால் பேச்சு மட்டும் எண்ணிச் செலவழிக்கிற சுபாவம். "காப்பி ஆச்சா, மாமா?" "ஆச்சு." "ராத்திரி தூங்கினீங்களா?" "தூங்கினேன்." கல்யாணமான பன்னிரண்டு வருஷமாக எங்கள் சம்பாஷணை இந்த எல்லையைத் தாண்டியதில்லை. அவருக்கு இருந்த ஒரே சபலம், ஷெட்டில் நின்ற சிவப்பு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1968-ஆம் வருஷத்து மூன்றாவது மாடல். துணிக் கூரை, இரண்டே பேருக்கு இடம்.

அதைப் பார்த்ததும் எனக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. உறவுதான். 1959-இல் இதே கவென்ட்ரியில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. இத்தாலியின் மிக்கலாட்டி அதற்கு உருவம் வரைந்தார். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மிக்கலாட்டியே வரைந்த இன்னொரு மேனியை ஏற்றி, 1962-இல் ஸ்பிட்ஃபயரை விற்பனைக்கு விட்டார்கள். 1980-இல் நிறுத்துவதற்குள் மூன்று லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். அதே ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரோடு தயாராயிற்று. நான் 1974-இல் கைமாற்றாக வாங்கிய முதல் காரும் கடைசிக் காரும் அதுதான். ஆகவே ஸ்பிட்ஃபயர் என் ஹெரால்டுக்குச் சித்தப்பா பிள்ளை முறை.

ஒரு நாள் மாலை என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனார். வட்டச் சந்திப்பு ஒன்றில் நின்று, வலது பக்கம் பார்த்து, முதல் கியர் என்று நினைத்து லிவரை முன்னே தள்ளினார். விழுந்தது மூன்றாவது. அந்தப் பெட்டியில் ஒன்றும் மூன்றும் முன்பக்கம்தான்; இடத்துக்கும் வலத்துக்கும்தான் வித்தியாசம். கார் இரண்டு முறை குலுங்கிப் பாதி வட்டத்தில் செத்து நின்றது. எதிரே பெரிய லாரி. லாரிக்காரன் பிரேக் போட்டான், பிழைத்தோம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கதை முழுவதும் தெரிந்தது. பேத்தியை அந்தக் காரில் ஏற்றக் கூடாதென்று என் பெண் எப்போதோ உத்தரவு போட்டிருக்கிறாள். பட்டறையில் காட்டியதற்கு, கியர் பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும், ஆயிரம் பவுண்டுக்குக் குறையாது என்று சொல்லியிருக்கிறார்கள். காரை விற்பதென்று தீர்மானம். அடுத்த வாரத்துக்கு மறு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார்.

இரவு ஷெட்டுக்குப் போய்க் காரில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு லிவரின் குமிழைப் பிடித்து ஆட்டினேன். ஏறக்குறைய ஒரு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு விரற்கடை அந்தப் பக்கம் தாராளமாகப் போய் வந்தது. என் ஹெரால்டும் இப்படித்தான் ஆடியது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மேஸ்திரி அதைச் செப்பனிட்டார். "விழுந்த கியர் தானா நழுவுதா? இல்லை. பல்லு அரைக்குதா? இல்லை. அப்போ பெட்டியைத் தொடாதீங்க சார். கைக்கும் பெட்டிக்கும் நடுவிலே இருக்கிற புஷ்ஷைப் பாருங்க" என்றார் அந்த மேஸ்திரி.

காலையில் காப்பி விசாரணை முடிந்ததும் இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நாமே பிரிச்சுப் பார்க்கலாமா, மாமா?" என்றார்.

பாட்டரிக் கம்பியைக் கழற்றினோம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தோம். ஸ்பிட்ஃபயரில் ஒரு சௌகரியம், கியர் பாக்ஸின் மேல் மூடி காருக்குள்ளேயே இருக்கிறது. ஆசனங்களையும் கம்பளத்தையும் எடுத்து, சுற்றியுள்ள திருகுகளைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். பிறகு நான் லிவரை மெல்ல அசைக்க, அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அசைக்கிறவனுக்கு ஆட்டம் எங்கே இருக்கிறதென்று தெரியாது, பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

"மேலே நகருது மாமா, கீழே நகரலை... இப்போதான் தண்டு நகருது."

லிவரின் அடியில் ரப்பர் புஷ் வறண்டு வெடித்திருந்தது. லிவரைத் தாங்கும் நைலான் கிண்ணம் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. அதற்கப்பால் இரண்டு தண்டுகள் சேருமிடத்திலும் கொஞ்சம் இடைவெளி. எந்த இடத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. ஆனால் லிவர் ஏற்றக்கோல் மாதிரி. தாங்கும் இடத்துக்குக் கீழே குட்டை, மேலே நெட்டை. மேல்பாகம் ஐந்து மடங்கு நீளமென்றால் அடியில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் குமிழில் ஐந்து மில்லிமீட்டர். மூன்று இடத்துக் குற்றமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு விரற்கடை ஆவதில் என்ன ஆச்சரியம்? அறுபது வயதை நெருங்கும் ரப்பரைக் குற்றம் சொல்லவும் நியாயமில்லை. அத்தனையும் இருபது பவுண்டுக்குள் தபாலில் வந்தது.

காத்திருந்த நாட்களில் மாப்பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். கும்பகோணத்தில் அவர் அப்பாவுக்கு சைக்கிள் கடை இருந்ததாம். பிள்ளை ஸ்பானரைத் தொட்டால் கையில் அடிப்பாராம். "இது என்னோட போகட்டும், நீ போய்ப் படி" என்பாராம். "படிச்சேன், மாமா. ஆனா ஒரு நட்டுக்கூடக் கழட்டத் தெரியாமப் போச்சு" என்று சிரித்தார். அந்தக் கார் எதற்காக ஷெட்டில் நிற்கிறதென்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

புது புஷ்களைப் போட்டோம். ஆட்டம் பாதிதான் குறைந்தது. அவர் முகம் வாடிவிட்டது. மறுபடி பிரித்துத் துடைத்துப் பார்த்தால், புஷ்ஷுக்குள் போகும் எஃகுக் குழலும் போல்ட்டும் நடுவில் தேய்ந்து இடுப்பு வைத்திருந்தன. தேய்ந்த போல்ட்டின்மேல் புது புஷ் போடுவது ஒல்லிக்காலில் பெரிய செருப்பை மாட்டுகிற மாதிரி. மறுபடியும் தபால், மறுபடியும் மூன்று நாள்.

சனிக்கிழமை எல்லாம் புதிதாகப் பூட்டினோம். இந்தத் தடவை ஆட்டம் வரவே கூடாதென்று மாப்பிள்ளை நட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். லிவர் கல்தூண் மாதிரி நின்றது. இப்பால் அப்பால் போகவில்லை.

சந்து மேஸ்திரி இதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். அதை அப்படியே சொன்னேன். "ஆட்டம் கூடாது, மாப்பிள்ளை. ஆனா அசைவு வேணும்."

அரைச் சுற்றுத் தளர்த்தினார். போதவில்லை. இன்னும் கால் சுற்று. லிவர் வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. விட்டால் நடுவுக்கு வந்து நின்றது. அந்த நட்டின் உள்ளே நைலான் வளையம் இருக்கிறது. விட்ட இடத்திலேயே நிற்கும். இறுக்கித்தான் நிறுத்த வேண்டுமென்பதில்லை. பன்னிரண்டு வருஷமாக மாமனார் மரியாதையை நானும், மாப்பிள்ளை மரியாதையை அவரும் எத்தனை சுற்று அதிகமாக இறுக்கி வைத்திருந்தோம் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளோட்டத்தில் ஒரு வேடிக்கை. லிவர் சரியாகிவிட்டது, கை சரியாகவில்லை. பழைய ஆட்டத்துக்குப் பழகிய கை ஒவ்வொரு கியருக்கும் எட்டிப் போய், இல்லாத தூரத்தைத் தேடிற்று. நாலைந்து தெரு சுற்றிய பிறகுதான் அடங்கிற்று. அதே வட்டச் சந்திப்பில் நின்று, முதல் கியரைப் போட்டு, தயங்காமல் புறப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் பெண் கேட்டாள்: "பத்து மணிக்கு அந்த ஆள் வராரே, என்ன சொல்றது?"

"வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார் மாப்பிள்ளை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் பேத்தி ஓடி வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேருக்குத்தான் இடமாகையால் நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். கார் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் காது அதையே பின்தொடர்ந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது.