மோர் ஊத்துன கைக்குத் தண்ணி குடிக்கத் தெரியல

ஓம் சரவணபவ.

போன மாசம் நம்ம கோயில் தொண்டர் பிள்ளைங்களோட குனோங் பூலாய் ஏறினேன். உச்சியில எடுத்த போட்டோவைப் பார்த்துட்டு "அண்ணே, இந்த வயசுலயும் சூப்பர்"னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்தப் போட்டோ எடுத்து ஒரு மணி நேரத்துல என்ன நடந்ததுன்னு நான் யாருக்கும் சொல்லல. பங்குனி உத்திரம் நெருங்குது. நிறைய பேர் விரதத்துல இருக்கீங்க. அதனால இப்போ சொல்லிடுறேன்.

பெர்மாஸ் ஜெயாவுல இருந்து காருல ஒரு மணி நேரம் போனா அந்த மலை. உயரம் 654 மீட்டர். உச்சியில டவர் இருக்கிறதால மேல வரைக்கும் தார் ரோடு. "ரோடுதானே, நடந்தா வந்துடும்"னு எல்லாரும் நினைக்கிற மலை. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

உண்மையில அது லேசான மலை இல்ல. 2001 டிசம்பர் கடைசியில வாமெய் புயல் ஜோகூர்ல கரை ஏறினது மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்துல புயல் உருவாகாதுன்னு படிச்சவங்களே நம்பிக்கிட்டு இருந்த காலம் அது. அந்த மழையில இந்த மலைச்சரிவு பெயர்ந்து, மண்ணும் பாறையும் மரமுமா கீழ இறங்கி அஞ்சு பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் இந்த இடத்தை மூடி வச்சிருந்தாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அலட்சியம்.

அன்னைக்கு ஞாயிறு. காலையில கோயில்ல கூட்டிக் கழுவி, பூஜை முடிச்சுட்டுத்தான் கிளம்பினோம். மலையடிவாரம் போய்ச் சேரவே மணி 10 தாண்டிடுச்சு. நான் ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம். காலையில ஒரு காப்பி, ஒரு பிரஷர் மாத்திரை, அவ்வளவுதான். என் மாத்திரை உடம்புல இருக்கிற நீரை மூத்திரமா வெளியேத்துற வகை. அது என் வீட்டம்மாவுக்குத் தெரியும். கூட வந்த எட்டுப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. சொன்னா "கிழவன்"னு நினைப்பாங்களேன்னு ஒரு வெட்கம்.

பாதி வழியில ஒரு தம்பி, வயசு பதினாறு, "அண்ணே, வெயில் ஏறுது. கொஞ்சம் உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுத் திரும்பிடலாமா?"ன்னு கேட்டான். எல்லார் முன்னாடியும் நான் சொன்ன பதில், "போனை நோண்டுற கைக்கு மலை ஏறத் தெரியாதுடா." எல்லாரும் சிரிச்சாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஆனா அவன் பாட்டிலை என்கிட்ட நீட்டினான். நான் வாங்கல.

இறங்கும்போது தார் ரோட்டுச் சூடு செருப்பைத் தாண்டி மேல வந்துச்சு. முதல்ல கெண்டைக்கால் இழுத்துச்சு. அப்புறம் வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு நினைவு துண்டு துண்டாத்தான் இருக்கு. நான் அந்தத் தம்பியைப் பார்த்து, "சாமான் லோரி வந்துடுச்சா? யாரு கையெழுத்துப் போட்டா?"ன்னு கேட்டேனாம். மத்த பிள்ளைங்க ஜோக்குன்னு நினைச்சுச் சிரிச்சிருக்காங்க. அவன் சிரிக்கல. பள்ளியில செம்பிறைச் சங்கத்துல இருக்கிறவன். பேச்சு குழம்பினா அது வெறும் களைப்பு இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னை நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழட்டி, எல்லார் பாட்டில்லயும் மிச்சம் இருந்த தண்ணியை என் கழுத்துலயும் அக்குள்லயும் ஊத்தி, துண்டால விசிறச் சொல்லிட்டு, 999க்குப் போன் பண்ணியிருக்கான். அந்த "நோண்டுற" போன்லதான்.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட ஒரே கேள்வி: "இந்த மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கூட வந்தவங்ககிட்ட சொன்னீங்களா?" பதில் சொல்ல முடியல.

பாக்டரியில நான் முப்பது பேருக்கு சூப்பர்வைசர். தினமும் காலையில "தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிங்க, தலை சுத்தினா சொல்லுங்க"ன்னு சொல்றது நான். தைப்பூசத்துல தண்ணீர்ப் பந்தல்ல நின்னு ஆயிரக்கணக்கான பேருக்கு மோர் ஊத்தினது இந்தக் கை. 1961 ஒப்பந்தப்படி சிங்கப்பூருக்கே 2011 வரைக்கும் தண்ணி கொடுத்த மலை பூலாய். அந்த மலையில நான் தண்ணி குடிக்காம விழுந்தேன்.

அமெரிக்காவுல பீனிக்ஸ்னு ஒரு பாலைவன நகரம். ஊருக்கு நடுவுலயே கேமல்பேக்னு ஒரு மலை, ஒட்டகத் திமில் மாதிரி இருக்கும். கூட்டம் அலைமோதுற மலை. வெயிலில் ஆட்கள் விழுந்து, தூக்கப் போன மீட்புப் படையினரும் பாதிக்கப்பட்டதால, 2021ல இருந்து கடும் வெப்ப எச்சரிக்கை நாட்கள்ல பகல் நேரம் அந்தப் பாதைகளை மூடிடுறாங்க. "அது பாலைவனம், நம்ம ஊரு பச்சைக் காடு"ன்னு நினைக்காதீங்க. அங்க வேர்வை உடனே காஞ்சிடும், தண்ணி போறதே தெரியாது. இங்க காத்துல ஈரம் அதிகம், வேர்வை காயாது, அதனால உடம்புச் சூடு இறங்காது. ரெண்டுமே ஆளைச் சாய்க்கும்.

அதனால என் வேண்டுகோள் இது. மலை ஏறினாலும் சரி, பால்குடம் எடுத்தாலும் சரி. காலையில சீக்கிரம் கிளம்புங்க. பிரஷர், இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுறவங்க விரதத்துக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க. கூட வர்ற ஒருத்தர்கிட்டயாவது விஷயத்தைச் சொல்லி வையுங்க. யாராவது சம்பந்தமில்லாம உளறினா சிரிக்காதீங்க. உடனே உடம்பைக் குளிர வச்சு, 999 கூப்பிடுங்க. திரும்பிடலாமான்னு ஒரு சின்னப் பிள்ளை கேட்டாலும், நின்னு யோசிங்க.

அந்தத் தம்பிகிட்ட தனியா மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல அண்ணே"ன்னான். ஆனா நான் கேலி பண்ணினது எல்லார் முன்னாடியும். அதனால மன்னிப்பும் எல்லார் முன்னாடியும் கேட்கிறேன். தம்பி, மன்னிச்சுடுப்பா. இந்த வருஷம் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பு உனக்குத்தான். முதல் டம்ளர் எனக்கு ஊத்து, நின்னு குடிச்சுட்டுத்தான் வேலைக்கு வருவேன்.

முருகா சரணம்.